மேலே போன சாப்பாட்டு வாளி

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, ஷெட்டை நிறுத்திவிட்டு வந்து மேடையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, நமது மருந்தகத்தின் டாக்டர் அம்மா அவர்களே, செவிலியர் சகோதரி அவர்களே, பெற்ற மகனை வழியனுப்பிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரே, அவர் பக்கத்தில் இருக்கும் மருமகளே, எனக்குத் தங்கை போன்றவரே, இரண்டு ஷிப்டிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

"நீங்கதாண்ணே அவர்கூட அதிக நாள் வேலை பார்த்தவர், நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க" என்று என்னை மேடைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். எனக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. நான் கையால் பேசுகிறவன். இங்கே வந்திருக்கும் குடும்பத்தார் நம் ஷெட்டுக்குள் வந்ததில்லை என்பதால் சொல்கிறேன். கூரைக்குச் சற்றுக் கீழே, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இடையே ஒரு பெரிய கிரேன் ஓடுகிறது. அதன் அடியில் ஒரு கண்ணாடி கேபின் தொங்குகிறது. அந்த கேபினில் உட்கார்ந்திருந்தவர் இவர். கீழே தரையில் நின்று கொக்கியில் இரும்புத் தகடுகளைக் கட்டி, தூக்கு, இறக்கு, நகர்த்து, நிறுத்து என்று அவருக்குக் கை காட்டியவன் நான். பன்னிரண்டு வருடம் நாங்கள் இருவரும் வாய் திறக்காமலே பேசியிருக்கிறோம். அவர் தரைக்கு வந்து நின்றால் எனக்கு அவரை அடையாளம் தெரியச் சற்று நேரமாகும். அண்ணாந்து பார்த்த முகம்தான் எனக்குப் பழக்கம்.

முதுநிலை கிரேன் ஆபரேட்டர், இந்தத் தொழிற்சாலையின் சிறந்த தொழிலாளர் கேடயத்தை இரண்டு முறை வாங்கியவர், சங்கத்தின் செயற்குழு உறுப்பினர், நம் எல்லோருக்கும் மாடிக்காரர். அவரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள் உண்டு.

அதோ, அவர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளி இருக்கிறது. கயிறு கட்டிய நீல வாளி. பூவெல்லாம் சுற்றி அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள். அன்பாகத்தான் வைத்திருக்கிறார்கள், தெரியும். தயவுசெய்து யாராவது அந்த வாளியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். அது கண்ணில் பட்டால் என்னால் பேச முடியாது.

நன்றி.

தோழர்களே, அந்த வாளியின் கதை உங்களுக்குத் தெரியும். மதியம் சாப்பாட்டு மணி அடிக்கும். எல்லோரும் இதே கேன்டீனுக்கு ஓடுவோம். மாடிக்காரர் மட்டும் இறங்க மாட்டார். மேலிருந்து கயிறு வரும். அவருடைய டிபன் பாக்ஸை வாளியில் வைத்து ஒரு தட்டு தட்டினால் மேலே போய்விடும். "இறங்கி ஏற நேரம் வீணாப் போகுதுண்ணே, நீங்க திரும்பி வரும்போது லோடு ரெடியா இருக்கும் பாருங்க" என்பார். இரண்டு வருடம் இப்படி நடந்தது. நாம் என்ன சொன்னோம்? "இவர் மாதிரி ஒரு வேலைக்காரர் உண்டா" என்று சொன்னோம். மேலாளர் அவர்கள் கேடயம் கொடுத்த அன்றைக்கு இந்த வாளியைத்தான் குறிப்பிட்டுப் பேசினார். நாம் கைதட்டினோம். நானும் கைதட்டினேன், அதுவும் எழுந்து நின்று.

அவர் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். கேட்டில் காவலாளிக்கு வணக்கம் சொல்லும் முதல் ஆள் அவர்தான். நாம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் மேலே கேபினில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் அவரைக் காட்டி, "பாருங்கடா, இப்படி இருக்கணும்" என்று சொன்னோமா இல்லையா? சொன்னோம்.

போன வருடம் அவர் ஸ்டோரில் போய்ப் பெரிய அளவு சேஃப்டி ஷூ கேட்டார். ஏற்கெனவே போட்டிருந்ததைவிட இரண்டு அளவு பெரியது. ஸ்டோர்காரர், "என்ன மாடிக்காரரே, இந்த வயசுல வளர்றீங்களா?" என்று கேட்டார். "சம்பளம் வளரல, காலாவது வளரட்டும்" என்று இவர் பதில் சொன்னார். அந்த நகைச்சுவையை ஒரு வாரம் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவருக்கு எந்த நேரத்திலும் பதில் தயாராக இருக்கும் என்று பாராட்டினோம்.

இப்போது டாக்டர் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்குச் சொல்கிறேன். அவர் சாப்பிட இறங்காதது கடமை உணர்ச்சியால் அல்ல. இறங்கினால் மறுபடியும் ஏற வேண்டும். ஏற அவருக்கு மூச்சு இல்லை. அவர் எல்லோருக்கும் முன்னால் வந்ததும் அதற்காகத்தான். அந்த ஏணியில் பாதிக்கு மேல் ஒரு சின்னத் தட்டு இருக்கிறதல்லவா, அதில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாராம். அதை நாம் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்கிறார். காலையில் ஷெட் பெருக்கும் அம்மா பார்த்திருக்கிறார்கள். அவர் பாட்டுக்கு ஏதோ பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்து, தொந்தரவு செய்ய வேண்டாமே என்று துடைப்பத்தின் சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொண்டார்களாம்.

கால் வளரவில்லை, தோழர்களே. கால் வீங்கியிருந்தது.

நாம் கேடயம் கொடுத்தது ஒரு நோய்க்கு. நாம் கைதட்டியது ஒரு நோய்க்கு. அவருடைய இதயம் தளர்ந்துகொண்டே போன ஒவ்வொரு படியையும் நாம் மாலை போட்டு வரவேற்றிருக்கிறோம். இதை நான் உங்களைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் இப்போது யாரை நாம் பாராட்டிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பயந்தாங்கொள்ளி. இது ரகசியம் இல்லை, ஷெட் முழுக்கத் தெரிந்த விஷயம். நாற்பது வயதில் எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்று சொன்னார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தவன், என் மனைவி திட்டி எழுப்பும் வரை எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து மாத்திரை டப்பா இல்லாமல் நான் கழிப்பறைக்குக்கூடப் போனதில்லை. சட்டைப் பையில் அது குலுங்கும். மாடிக்காரர் என்னைக் கேலி செய்வார். "அண்ணன் வர்றதுக்கு முன்னாடி அவர் டப்பா வந்துடும், கிரேனுக்கு ஹாரனே வேண்டாம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த டப்பா இப்போதும் குலுங்குகிறது. கேலி செய்தவர் முப்பத்தொன்பது வயதில் படமாக இருக்கிறார்.

அவருக்கும் இதே ரத்த அழுத்தம் இருப்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். முப்பத்தொரு வயதில் மருந்தகத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் போட்டார். அளந்து பார்த்தார்கள், சரியாக இருந்தது. "சரியாயிடுச்சு" என்று நிறுத்திவிட்டார். மாத்திரை போட்டதால்தான் சரியாக இருந்தது என்பது அவருக்கு உறைக்கவில்லை. அதற்குப் பிறகு வருடா வருடம் மேலே ஏறுகிறவர்களுக்கு நடக்கும் உடல் பரிசோதனை வந்தால் மட்டும், அதற்கு ஒரு வாரம் முன்னால் மாத்திரையை எடுப்பார். பரிசோதனை முடிந்ததும் டப்பாவை மூடி வைத்துவிடுவார். இது அவர் மட்டும் செய்த காரியமா? நான் யாரையும் கை காட்டப் போவதில்லை. தலையைக் குனிந்துகொண்டவர்கள் குனிந்துகொள்ளுங்கள். மேலே ஏற முடியாது என்று எழுதிவிட்டால் அலவன்ஸ் போய்விடும் என்ற பயம் நமக்கு. அந்தப் பயத்துக்கு நாம் கொடுத்த மரியாதையை, இதயத்தின் மேல் நமக்கு வர வேண்டிய பயத்துக்குக் கொடுக்கவில்லை.

என் தங்கை இங்கே இருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். வீட்டில் முதலில் ஒரு தலையணை போதாது என்று இரண்டு கேட்டாராம். அப்புறம் மூன்று. அப்புறம் கட்டிலே வேண்டாம் என்று நாற்காலியில் சாய்ந்து தூங்க ஆரம்பித்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்று சொல்லவில்லை. "கேபின்ல உக்காந்து உக்காந்து உடம்பு அதுக்கே பழகிடுச்சு" என்றாராம். தங்கை கேட்டிருக்கிறார்: "ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாங்க. எனக்குப் பயமா இருக்கு." அதற்கு இவர், "எங்க அப்பாவுக்கு இருபது வருஷமா பிரஷர். மனுஷன் கல்லு மாதிரி இருக்கார். எனக்கு என்ன வயசு ஆயிடுச்சுன்னு பயப்படுற?" என்றாராம்.

எனக்கு என்ன வயது ஆகிவிட்டது? இந்த ஒரு கேள்விதான் அவரைக் கொண்டுபோனது. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் நாம் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள், பெரியவர் இதே கேள்வியை டாக்டர் அம்மாவிடம் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் அழவில்லை. கணக்குப் புரியாதவர் போலத்தான் கேட்டார். "எனக்கு எழுபத்தி மூணு. எனக்கும் அதே வியாதிதான். வரிசைப்படி நான்தானேம்மா போயிருக்கணும். அவனுக்கு எப்படி?"

டாக்டர் அம்மா அவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சொன்னார். "ஐயா, உங்களுக்கு வந்தது அம்பது வயசு தாண்டி. வந்த நாள்ல இருந்து நீங்க மாத்திரையை விடல. அவருக்கு முப்பதுலயே வந்துடுச்சு, அவர் விட்டுட்டார். வயசானவங்களுக்கு இதயம் தளர்றதுக்கு வயசே பாதி காரணம். பிரஷர் இல்லாத பெரியவங்களுக்கும் அந்த ஆபத்து இருக்கு, இருக்கிறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். சின்ன வயசுல கணக்கு வேற. பிரஷர் இல்லாத முப்பது வயசுக்காரருக்கு அந்த ஆபத்து ரொம்ப ரொம்பக் கம்மி. பிரஷர் இருக்கிற முப்பது வயசுக்காரருக்கு, அவர் வயசுல இருக்கிற மத்தவங்களோட வச்சுப் பார்த்தா, அது பல மடங்கு. அதோட, சீக்கிரம் வந்த பிரஷருக்கு உள்ளே உக்காந்து வேலை பார்க்க வருஷங்களும் நிறைய கிடைச்சுடுது."

பெரியவர் "அப்ப, வயசுதான் அவனைக் காப்பாத்தும்னு நாங்க ரெண்டு பேரும் நினைச்சது..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

நம் கிரேனில் தாங்கும் எடைக்கு மேல் ஏற்றினால் மணி அடிக்கும், தூக்க மறுக்கும். உடம்பில் அந்த மணி இல்லை, தோழர்களே. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் எடையைத் தூக்கிக்கொண்டே இருக்கும். முதலில் அதன் சுவர் தடித்துப்போகும். பிறகு இறுகிப்போகும். பிறகு ஒரு நாள் போதும் போதும் என்று தளர்ந்துவிடும். வெளியே தள்ள முடியாத நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கும். அதுவரை ஆள் சிரித்துக்கொண்டு, கேலி பேசிக்கொண்டு, கேடயம் வாங்கிக்கொண்டுதான் இருப்பார்.

அந்த நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே பலபேர் அன்றைக்கு அந்த ஷெட்டில் இருந்தவர்கள்தான்.

முற்பகல். தடித்த தகடுகள் ஒரு கட்டு. நான் கட்டிக் கொடுத்தேன், அவர் தூக்கினார். வெல்டிங் நடக்கும் பகுதிக்கு மேலே கொண்டுவந்தார். இறக்கச் சொல்லிக் கை காட்டினேன். லோடு இறங்கவில்லை. மறுபடியும் காட்டினேன். இறங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், "மாடிக்காரர் வாளியை இறக்க மறந்துட்டு டிபன் பாக்ஸைத் தேடுறாரு" என்றார். நான் சிரித்துக்கொண்டே அண்ணாந்தேன். அவர் முகம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. கண்ணாடி மூச்சுப்பட்டு மங்கியும் தெளிந்தும் தெரிந்தது.

கைப்பிடியை விட்டுவிட்டால் கிரேன் தானே நின்று பிரேக் பிடித்துக்கொள்ளும். ஆனால் அவர் அதை நம்பி விட்டுவிடவில்லை. நிறுத்திவிட்டுத்தான் கையை எடுத்திருக்கிறார். நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் சுவரோரம் ஓடினார்கள். அவருடைய மைத்துனர், நம் எல்லோருக்கும் மச்சான், ஏணியில் தாவி ஏறினார். பின்னாலேயே நானும் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது.

கேபினுக்குள் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தண்ணீருக்குள் மூழ்கியவர் மூச்சு விடுவது போல ஒரு சத்தம். உதட்டில் நுரை. உடம்பெல்லாம் வேர்த்து, சில்லென்று இருந்தது. என் சட்டையைப் பிடித்தார். ஏதோ சொல்ல வந்தார், காது கொடுத்தேன்.

"அண்ணே, கீழ யாரும் இல்லையே?"

அவர் தன்னைப் பற்றிக் கேட்கவில்லை. மனைவியைப் பற்றிக் கேட்கவில்லை. தொங்கும் லோடுக்கு அடியில் யாராவது நிற்கிறார்களா என்று கேட்டார். நான், "யாரும் இல்ல தம்பி, எல்லாரையும் அனுப்பிட்டேன்" என்றேன். பிடித்த கையைத் தளர்த்தினார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மருத்துவமனையில் சாயங்காலம் உயிர் பிரிந்தது.

அவரை இறக்கிக் கொண்டுபோன பிறகும் அந்த லோடு அங்கேயே தொங்கியது. அடுத்த ஷெட்டிலிருந்து ஆபரேட்டர் வரும் வரைக்கும் லேசாக ஆடியபடி தொங்கியது. நாம் எல்லோரும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். உங்களுக்கு எப்படியோ, நான் இன்னும் அந்தச் சுவரிலிருந்து முதுகை எடுக்கவில்லை.

இப்போது இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பயமாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

மச்சான், எங்கே இருக்கிறாய்? பின்னால் தூணுக்கு மறைவில் போய் நின்றுவிட்டாயா? சரி, அங்கேயே நில். காது கேட்கிறதல்லவா?

இவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாடிக்காரருக்கு மட்டும் மச்சானாக வேலைக்குச் சேர்ந்து, மொத்தத் தொழிற்சாலைக்கும் மச்சான் ஆனவர். இருபத்தொன்பது வயது. மாமாவிடமே கிரேன் கற்றவர். திங்கட்கிழமை முதல் அதே கிரேனில், அதே கேபினில் இவர் ஏறுகிறார். மேலாளர் அவர்கள் ஆணை போட்டுவிட்டார். குடும்பத்துக்கு ஓர் ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் போட்டார்.

போன வாரம் டாக்டர் அம்மா ஷெட்டுக்கே வந்து எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார். மச்சானுக்கும் பார்த்தார். உட்கார வைத்துப் பார்த்தார், சற்று ஓய்வெடுக்கச் சொல்லிப் பார்த்தார், மறுநாளும் வரச் சொல்லிப் பார்த்தார். எல்லாத் தடவையும் அதிகம். மாத்திரை கொடுத்தார். நான் இரண்டு நாள் கழித்து, "போடுறியா?" என்று கேட்டேன். "மாமா போன துக்கத்துல ஏறியிருக்குண்ணே, துக்கம் குறைஞ்சா தானா இறங்கிடும்" என்றார். பிறகு என் பையைத் தட்டிக் காட்டி, "நானும் ஒரு டப்பா வச்சுக்கிட்டா ரெண்டு பேரும் சேர்ந்து தாளம் போடலாம்" என்றார். மாத்திரை அட்டை லாக்கரில் பிரிக்காமல் இருக்கிறது.

கேலியும் அதே கேலி. குரலும்கூட மாமா குரல் மாதிரியே இருந்தது.

நேற்று இவர் பழகிப் பார்க்க ஏணியில் ஏறினார். நான் கீழே நின்றேன். பாதிக்கு மேல் உள்ள அந்தச் சின்னத் தட்டில் நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கூப்பிட்டேன். "ஷூ லேஸ் அவுந்துடுச்சுண்ணே" என்று சிரித்தார். லேஸாகவே இருக்கலாம். இருபத்தொன்பது வயதுப் பிள்ளை, லேஸாகத்தான் இருக்கும். ஆனால் அவர் குனிந்து அதைக் கட்டியதை நான் பார்க்கவில்லை. மேலே போய்ச் சேரும் வரைக்கும் அந்த ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மச்சான், உன்னைக் கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்துகிறேன் என்று நினைக்கிறாயா? நினைத்துக்கொள். எத்தனை நாள் வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இரு. நீ கோபித்துக்கொண்டு எதிரில் நடமாடினால் எனக்குப் போதும்.

இரங்கல் கூட்டம் என்றால், மறைந்தவர் விட்டுச்சென்ற பணியைத் தொடருவோம் என்று உறுதி எடுப்பது வழக்கம். அவர் பணியை நாம் தொடரத்தான் போகிறோம். தகடுகள் காத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவர் வேலை செய்த விதத்தைத் தொடர மாட்டோம் என்று நான் உறுதி எடுக்கிறேன். இனி அந்த வாளி மேலே போகாது. மேலே இருக்கிறவர் சாப்பாட்டு மணி அடித்தால் இறங்கி வந்து நம்மோடு இந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இறங்கவில்லை என்றால் யாரும் பாராட்டாதீர்கள். ஏன் இறங்கவில்லை என்று கேளுங்கள். யாராவது பெரிய ஷூ கேட்டால் சிரிக்காமல், காலைக் காட்டச் சொல்லுங்கள். சிகிச்சை எடுத்துக்கொண்டு தரையில் வேலை பார்க்கும் நாட்களில் மேலே ஏறுகிறவருக்குரிய அலவன்ஸ் நிற்காது என்று மேலாளர் அவர்கள் இன்று காலை சங்கத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லிவிட்டேன், இனி அவர் பின்வாங்க முடியாது. சிரிக்கிறார், நல்லது.

இன்னும் ஒன்று. நம் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. மாடிக்காரர் அதைப் புதியவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்வார். தூக்கு, இறக்கு, நகர்த்து, இதையெல்லாம் கொக்கிக்காரன் ஒருவன்தான் காட்ட வேண்டும். வேறு யார் காட்டினாலும் ஆபரேட்டர் கேட்கக் கூடாது. ஆனால் நிறுத்து என்பதை யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். மேலாளர் காட்டினாலும் சரி, பெருக்குகிற அம்மா காட்டினாலும் சரி, வழிதவறி உள்ளே வந்தவர் காட்டினாலும் சரி. ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. முதலில் நிறுத்து, பிறகு கேள். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் கையை நீட்டியது யார் என்று பார்த்துவிட்டு நிறுத்திய ஆள் இல்லை அவர்.

அவருக்கு எத்தனை பேர் கை காட்டினார்கள்! மருந்தகம் காட்டியது. மனைவி காட்டினார். வீங்கிய கால் காட்டியது. ஷெட்டில் யார் கை காட்டினாலும் நின்ற மனிதர், வீட்டில் நிற்கவில்லை. அந்த விதி வாசலோடு முடிந்துவிடுகிறது என்று அவரும் நினைத்தார், நாமும் நினைத்தோம்.

சகோதரி, கருவியைக் கொண்டுவந்து இந்த மேஜையில் வையுங்கள். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து அளந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு. முதலில் நான் உட்காருவதாக இருந்தேன். ஆனால் என்னுடையது ஊர் அறிந்த எண். அதில் யாருக்கும் ஒன்றும் இல்லை. மச்சான், நீ வா.

வர மாட்டாயா?

நான் கட்டாயப்படுத்த முடியாது. சங்கமும் கட்டாயப்படுத்த முடியாது. உன் கை, உன் இதயம், உன் லாக்கர். பயமாக இருக்கிறது என்று மட்டும்தான் நான் சொல்ல முடியும்.

ஒரு நிமிடம். தோழர்களே, சற்று அமைதி. தங்கை எழுந்து நிற்கிறார்.

மச்சான், என்னைப் பார்க்காதே. உன் அக்காவைப் பார்.

கையை நீட்டியிருக்கிறார், உள்ளங்கை கீழே பார்க்க. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைக்கிறார். இதை இவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் பிள்ளைகளோடு விளையாடும்போது மாடிக்காரர் காட்டியிருப்பார். சரியாகத்தான் காட்டுகிறார். ஷெட்டில் யாரும் இதைவிடச் சரியாகக் காட்டியதில்லை.

யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும், மச்சான்.

வழி விடுங்கள். வருகிறான். வா, இப்படி உட்கார். சட்டைக் கையை மேலே ஏற்று. யாரும் கைதட்டாதீர்கள், தயவுசெய்து. இந்தத் தொழிற்சாலையில் கைதட்டியது போதும். சகோதரி வேலையைப் பார்க்கட்டும். பேசாமல் இருப்போம்.

எண்ணை நான் மைக்கில் சொல்ல மாட்டேன், அது அவன் சொந்த விஷயம். சகோதரியின் முகத்தை மட்டும் பார்த்தேன். டாக்டர் அம்மா தன் நாற்காலியை விட்டு எழுந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை அவன் மேலே ஏறப் போவதில்லை. மேலாளர் அவர்கள் தலையசைத்துவிட்டார். லாக்கர் சாவியை மச்சான் அக்காவிடம் கொடுத்திருக்கிறான்.

தம்பி மாடிக்காரரே, எப்போதும் போல அண்ணாந்து பார்த்துத்தான் உன்னிடம் பேசுகிறேன். கீழே யாரும் இல்லையே என்று கேட்டாய். யாரும் இல்லை என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன். இப்போது பார்க்கிறேன், உன் மச்சான் அடியில் நிற்கிறான். உன் அப்பா நிற்கிறார், நான் நிற்கிறேன், இருபது வயதில் சேர்ந்த பிள்ளைகள் அண்ணாந்துகூடப் பார்க்காமல் நிற்கிறார்கள். லோடு இன்னும் இறங்கவில்லை, தம்பி. ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொருவராக அதன் அடியிலிருந்து வெளியே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒருவர் வந்துவிட்டார். அடுத்தவர் வாருங்கள்.